பனிக்காலத்து முன்சீட்டு

ஜனவரி 8, வியாழன்

பனி. துபாய் ரோட்டில் ஜெபல் அலி தாண்டியதும் மொத்தமாக மூடிவிட்டது. பஸ்ஸை ஊர்ந்துதான் ஓட்ட முடிந்தது. சைட்டுக்கு லேட். ஃபோர்மேன் கேட்டில் நின்றுகொண்டு மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். வாட்ச் கட்டாத மணிக்கட்டு. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வாங்க: பிளேடு, பல்பொடி, கண் சொட்டு மருந்து (பச்சை மூடி), ஊருக்கு அனுப்ப ஜெயாவுக்குத் தைலம்.

முன்சீட்டில், எனக்கு வலது பக்கம், செல்வம்; இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கதவு வலது பக்கம். அரியலூர்க்காரன், கம்பி கட்டுகிற வேலை, வாய் ஓயாது. அதனாலேயே அவனை முன்சீட்டில் போட்டிருக்கிறார்கள். விடிகாலை பஸ்ஸில் பின்னால் அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள். டிரைவர் கண்ணயராமல் இருக்க முன்னால் ஒருத்தன் பேசிக்கொண்டே வர வேண்டும். எந்த லேபர் கேம்ப் பஸ்ஸிலும் இதுதான் முறை. இதற்குக் கூலி கிடையாது, தூக்கம்தான் போகும்.

இன்று அவன் மச்சான் கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போன கதை. மூன்றாவது தடவை சொல்கிறான். ரசம் வரும் இடத்தில் பஸ் ரோட்டோரத்து மேடு வைத்த கோட்டில் ஏறி டர்ரென்று அதிர்ந்தது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"கொட்டாவி விட்டேன்டா. நீ சொல்லு, ரசம் என்னாச்சு?"

தூங்கவில்லை. வலது பக்கக் கோடு தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

லீவு. தேரா போனேன். முதலில் கண் டாக்டர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. நம் ஊர்க்காரர், மதுரைப் பேச்சு.

"வலது கண்ணுல நடுவுல மட்டுந்தான் மிச்சம். சுத்தி இருக்கறது போயிருச்சு. இடதுலயும் ஓரம் போக ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்தணும். சொட்டு மருந்த விடாமப் போடுறீங்களா?"

"போடுறேன் மேடம்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கடையில."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது லைசென்ஸ் புதுப்பிக்கிற டெஸ்ட். கண்ணாடிக் கடையில்தான் எடுக்கிறார்கள். ஒரு கண்ணை மூடு, படி. மறு கண்ணை மூடு, படி. கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். நேரே இருப்பது எனக்கு இன்னமும் தெளிவுதான். அந்தப் பலகையில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "குட், அங்கிள்" என்றான் அந்தக் கடைப் பையன். பாஸ்.

பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அக்கரை போக ஆப்ராப் படகில் ஏறும்போது வலது பக்கம் ஒரு ஆளை இடித்துவிட்டேன். அவர் தடுமாறித் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தார். "பாத்து வாய்யா" என்று நான்தான் திட்டினேன். அந்தப் பாகிஸ்தான்காரப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் திட்டு புரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் தள்ளி உட்கார்ந்தார். அக்கரை போகிற வரை முகம் சுளித்தபடி இருந்தேன், அவர் மேல் கோபம்போல.

தைலம் மறந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பனி, நேற்றைவிட மோசம். பஸ்ஸில் புது ஆள். சீனாக்காரர், லியூ, சர்வேயர். அவர்கள் கம்பெனி வேன் ரிப்பேராம், இந்த மாதம் முழுக்க நம் பஸ்தான். செல்வத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும், மடியில் ஒரு வெந்நீர் பிளாஸ்க்.

மனுஷனுக்குப் பனியைக் கண்டால் அப்படி ஒரு சந்தோஷம். பனி விலகும் வரை அவர் கருவியில் எதுவும் தெரியாதாம், அதனால் காலையில் வேலை கிடையாது. கண்ணாடி வழியே பார்த்து, "கோங் மெங், கோங் மெங்" என்றார். செல்வத்துக்கு இதெல்லாம் விடக்கூடாத சமாச்சாரம். கதை கேட்க ஆரம்பித்துவிட்டான். லியூ போனில் சீனத்தில் பேசுவார், அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். மேடைப் பேச்சுத் தமிழ்.

"இச்சொல் நுண்ணிய மழையையும் அதனுடன் கலந்த மூடுபனியையும் குறிக்கும். மலையும் நீரும் தெளிவின்றித் தோன்றும் அழகிய நிலை."

"என்னண்ணே, பனி பெஞ்சா அழகாம்" என்றான் செல்வம்.

"அவருக்கென்ன, அவரா ஓட்டுறாரு?"

லியூ விடவில்லை. கோங் என்றால் வெறுமை, வானம் என்றும் சொல்லலாமாம். மெங் என்றால் மூடியது, மங்கியது. அவர் ஊரில் மலையை வரையும்போது பனி இருக்கிற இடத்தில் மையே படாதாம், காகிதத்தை அப்படியே விட்டுவிடுவார்களாம். அந்தச் சும்மா விட்ட இடம்தான் பனி. செல்வம், "அப்ப வரையாமயே காசு வாங்கலாம்" என்றான். போன் அதையும் சீனத்தில் சொல்லிவிட்டது. லியூ விழுந்து விழுந்து சிரித்தார்.

சைட்டில் நிறுத்தியதும் கதவுக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் எழுதிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஒரே எழுத்தா? இவ்வளவு நேரம் ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாரே?"

செல்வம் என்னைப் பார்த்தான். "ரெண்டு எழுத்து இருக்குண்ணே."

தலையைத் திருப்பினேன். இருந்தது. வலது பக்கம்.

நம் பக்கம் பனி விழுந்தால் தலையில் துண்டைக் கட்டு, ஜன்னலைச் சாத்து என்பார்கள். அங்கே உட்கார்ந்து ரசிக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு கிறுக்கு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு இல்லை. மெஸ்ஸில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல், முந்திரி ஒன்று. ஊரிலிருந்து ஜெயா வாட்ஸ்அப்பில் வாசல் கோலம் அனுப்பினாள். பெரிதாக்கித் துண்டு துண்டாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது என்று குரல் அனுப்பினேன்.

மகள் பவித்ராவுக்கு நர்சிங் முடிய இன்னும் ஒரு வருஷம். அதுவரை. அதற்கப்புறம் நானே ஆபீஸில் போய்ச் சொல்லிவிடுவேன்.

நான் தூங்கி வழிகிறேன் என்று பஸ் முழுக்கப் பேச்சு. வயசாயிருச்சு, ராத்திரி போன் பார்க்கிறார், சுகர் இருக்கும், ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தன் பச்சை மிளகாய் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்தான், கண் சொருகும்போது கடிக்கணுமாம். இன்னொருத்தன் சுலைமானி டீ, பால் இல்லாமல், கறுப்பாக. எல்லோரும் அக்கறையாகத்தான் செய்கிறார்கள். நானும் அதைக் கெடுக்கவில்லை. வழியில் இரண்டு மிளகாய் கடித்தேன். வயிறு எரிகிறது.

திரும்பி வரும்போது சிக்னலில் செல்வம் டம்ளரை நீட்டியிருக்கிறான். நான் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். "அண்ணே" என்றான், கை தூக்கினேன், டம்ளர் தட்டி சுலைமானி முழுக்க அவன் மடியில்.

"சூடா இல்லண்ணே, பரவால்ல."

அப்புறம் கேம்ப் வரை அவன் பேசவில்லை. செல்வம் பேசாமல் வந்தது இன்றுதான்.

ஜனவரி 17, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் லேசான மூட்டம், தூசியா பனியா தெரியவில்லை. சைட் கேட்டில் வலது பக்கம் திரும்பினேன். அங்கே கொடி காட்ட தாபா நிற்பான், நேபாளி, சின்ன வயசு. தினமும் நிற்பவன்தான். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி எதிலோ பட்டது. கம்பமோ என்று நினைத்தேன். செல்வம் கத்தினான்.

தாபா மண்ணில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. கொடி பஸ்ஸுக்கு அடியில்.

சேஃப்டி ஆபீசர் வந்தார், படம் எடுத்தார். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் வந்தார், ஹைதராபாத்காரர், என்னை நீண்ட நாளாகத் தெரிந்தவர். என்னிடம் கேட்டார்கள்.

"பனி சார். ஆளு தெரியல."

அது பொய்யா? பனி இருந்தது. ஆள் தெரியவில்லை. இரண்டும் நிஜம்.

"மாணிக்கம் பாய் ஒரு கீறல் போட்டதில்ல இத்தன வருஷத்துல" என்று என்னைக் காட்டிச் சொன்னார் இன்சார்ஜ், எல்லோருக்கும் கேட்கும்படி, ஹிந்தியில். தாபா ஒளிரும் ஜாக்கெட் சரியாகப் போடவில்லை, கோட்டைத் தாண்டி நின்றான் என்று முடித்துவிட்டார்கள். ஜாக்கெட் போட்டிருந்தான். பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லோரும் பார்த்தார்கள். லியூ எழுந்து நின்று ஏதோ சொல்ல வந்தார், போனை எடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மெஸ்ஸுக்குப் போகவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

தாபாவைப் பார்க்க அவன் ரூமுக்குப் போனேன். ஆரஞ்சு ஒரு பை. கையில் மாவுக்கட்டு. அவனை ஊருக்கு அனுப்புகிறார்களாம். செவ்வாய் டிக்கெட். ஒரு கையால் கொடி பிடிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறான். தப்பு உன் பேரில் எழுதியாச்சு, கலாஸ், முடிஞ்சது, என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம், "பாய், நான் கோட்டுக்கு உள்ளதானே நின்னேன்?" என்று ஹிந்தியில் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், ஒரு கையால் உரிக்க முடியாதல்லவா. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மதியம் மெஸ். செல்வம் எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முழு அப்பளம்.

"எப்ப வச்ச?"

"மொதல்லயே வச்சேன். ஊறுகா வச்சேன். கைய ஆட்டுனேன். நாக்கக்கூட நீட்டுனேன்ணே."

அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டேன்.

"இது தூக்கம் இல்ல."

"போடா, பெரிய டாக்டரு."

"அண்ணே, நான் உங்க பக்கத்துல உக்காந்து வாரேன். அவன் கை ஒடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீங்களே போய் ஆபீஸ்ல சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். உங்க வயித்துல அடிச்சவன்னு எனக்குப் பேரு வேணாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பி கட்டுகிறவன் எனக்கு ஓட்டச் சொல்லித் தருகிறானா? லைசென்ஸை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். புதுசு, போன வாரம் வந்தது. பார், பாஸ் பண்ணியிருக்கேன் என்றேன். அவன் அதை எடுத்துத் துடைத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம் ஜெயா போன். பவித்ராவை ஆஸ்பத்திரியில் ட்ரெயினிங் போட்டிருக்கிறார்களாம், கண் வார்டாம். "அப்பா கண்ணு எப்டி இருக்குன்னு கேக்கச் சொன்னா" என்றாள். நல்லா இருக்கு என்றேன். எல்லோருக்கும் என்னைக் கேட்க இன்றைக்குத்தான் நாள் கிடைத்தது.

ஜனவரி 19, திங்கள்

கெட்டிப் பனி. எனக்குத் தெரிந்து இப்படிப் பார்த்ததில்லை. போனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது.

செல்வம் முன்சீட்டில் உட்கார்ந்தான். கல்யாணக் கதை இல்லை, ரசம் இல்லை. முழு வழியும் ஒரே பேச்சு. "வலது பக்கம் லாரி. ஒட்டி வருது. போயிருச்சு. வலது பக்கம் கோடு, நெருங்குறீங்க, இடது வாங்க. வாங்க. போதும்." நான் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓரத்துக் கோட்டின் அதிர்வு, அவன் குரல், இரண்டும்தான்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். போகும்போது பாதி வழியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இன்றைக்கு இந்த ரோட்டில் யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் என்னைப் போலத்தான் என்று. எனக்காவது பழக்கம் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். எத்தனை உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு. நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

லியூ மட்டும் வழக்கம்போல. இன்னொரு அர்த்தம் உண்டாம். போன் பெண் சொன்னாள்: "இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகக் கூற இயலாத தோற்றம்." செல்வம், "சார், சுப், சுப்" என்று உதட்டில் விரலை வைத்தான். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தோம். வேறு கம்பெனி பஸ் ஒன்று நம் பின்னால் லாரியில் மோதியதாம். இரண்டு பேர் போய்விட்டார்கள் என்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டோம், வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

இன்சார்ஜ் என் தோளைத் தட்டினார். அத்தனை பேருக்கும் முன்னால். "இந்தப் பனியில நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரே டிரைவர்." நாளையிலிருந்து நம் கேம்ப்பின் மூன்று பஸ்ஸுக்கும் நான் முன்னால் போக வேண்டுமாம். மற்ற இரண்டு பஸ்ஸும் என் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு வரும்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி சார்" என்றுதான் வெளியே வந்தது.

செல்வம் படியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை அவனுக்கு. திறந்து கொடுத்தேன்.

"நாளைக்கு நான் முன்னாடி உக்கார மாட்டேண்ணே. எனக்குத் தெம்பு இல்ல."

"வேற யாராச்சும் உக்காருவாங்க."

"உக்காருவாங்களான்னு பாருங்க."

ஜனவரி 20, செவ்வாய்

பனி. நேற்றைப் போலவே.

பஸ்ஸை கேட்டருகில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். பின்னால் இரண்டு பஸ்ஸும் எஞ்சின் ஓட நிற்பது கேட்டது. யாரும் ஏறவில்லை. ஹாரன் அடித்தேன். ஏறவில்லை. கேம்ப்பில் எல்லோரும் இன்னும் எழவில்லையோ என்று பார்த்தால், இருமல் கேட்கிறது. டிபன் டப்பா மூடி கேட்கிறது. யாரோ மூக்கைச் சிந்தினான்.

"செல்வம்?"

"இங்கதாண்ணே இருக்கோம்."

நான் நினைத்ததைவிடப் பக்கத்தில். வலது பக்கம், கதவுக்கு நேர் வெளியே.

"எத்தன பேருடா?"

"எல்லாரும்தான்."

"ஏறுங்கப்பா. டைம் ஆவுது. ஆப்செண்ட் போட்டுருவான்."

"போடட்டும்ணே. ஆபீசுக்கு நான் சொல்லல. கூட ஏர்றவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியல."

கோபமாக ஒரு வார்த்தை வந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும். பனிக்குள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் கூலி போகும் என்று தெரிந்து நின்றார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, என்னோடு வரவும் இல்லை.

படியில் ஒருவர் ஏறினார். லியூ. அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவர் போன் இல்லாமல் சொல்லவும் முடியாது. காலியாக இருந்த முன்சீட்டில் சந்தோஷமாக உட்கார்ந்து பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். கையை வெளியே காட்டி, "கோங் மெங்" என்றார்.

அவரை வைத்துக்கொண்டே எடுத்துப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கியரில் கை வைத்தேன். அதையும் எழுதுகிறேன்.

அப்புறம் என் கண்ணைத் தொட்டுக் காட்டி, "கோங் மெங்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், இல்லை, இல்லை என்று. போனில் பேசினார். அந்தப் பெண் சொன்னாள்: "இச்சொல் மலைக்கும் நீருக்கும் உரியது. கண்ணுக்குக் கூறுவதில்லை."

நான் மறுபடி கண்ணைத் தொட்டேன். வலதை, அப்புறம் இடதை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்க்கைக் கீழே வைப்பது கேட்டது. என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் லேசாகக் காற்று பட்டது, கையை ஆட்டிப் பார்த்திருப்பார்.

எஞ்சின் நின்றது. நான் நிறுத்தவில்லை. சாவி இருக்கிற இடத்தில் கை வைத்துப் பார்த்தேன், சாவி இல்லை. அவர் கை வந்து போனதை நான் பார்க்கவே இல்லை.

மற்ற இரண்டு பஸ்ஸும் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கின்றன. முன்னால் போக யாரும் இல்லாததால், வெயில் ஏறினால்தான் கிளம்புவார்களாம். நான் ரூமுக்கு வந்துவிட்டேன். செல்வம் என் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு நிற்காமல் போனான்.

ஜெயாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்சார்ஜ் போன் விடாமல் அடிக்கிறது. தாபாவை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வண்டி மதியம் வரும். அவன் கோட்டுக்கு உள்ளேதான் நின்றான்.

மறுபடி அடிக்கிறது. எடுக்கிறேன்.